நாற்றம் வந்த இடத்தையெல்லாம் மூடிய வீடு: ட்ராப்களைச் சரிசெய்த அனுபவம்

வீட்டுக்குள் சாக்கடை நாற்றம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ட்ராப்களை, அதாவது கழிவுப் பைப்பின் வளைவுகளை. தெருச் சாக்கடைக்கும் நம் மூக்குக்கும் நடுவே நிற்க வேண்டிய தண்ணீர், அநேகமாக அவற்றில் ஏதோ ஒன்றில் நிற்காமல் போயிருக்கும். பினாயில் ஊற்றினாலும் ரசகற்பூர உருண்டை போட்டாலும் அந்தத் தண்ணீர் திரும்பி வராது. நாற்றம் வருகிற ஓட்டையை சிமெண்ட் வைத்து அடைத்தால் இன்னும் கெடுதல். அடைத்தால் என்னவெல்லாம் ஆகும் என்பதை மேற்கு மாம்பலத்தில் அப்பாவும் அம்மாவும் இருக்கும் பழைய வீட்டில் முழுசாகப் பார்த்துவிட்டோம்.

தொண்ணூறுகளில் கட்டிய வீடு. கீழே ஒரு தளம், மாடி ஒரு தளம், மேலே மொட்டை மாடி. வீட்டில் மூன்று குறைகள் இருந்தன. கீழே ஹாலை ஒட்டிய பாத்ரூமில் எந்நேரமும் நாற்றம். மாடி பால்கனியில் ராத்திரி காற்று நின்றால் நாற்றம். ஐப்பசி கார்த்திகையில் பெருமழை பெய்தால் கீழ் பாத்ரூம் ஜாலி (தரையில் தண்ணீர் போகும் ஓட்டையின் சல்லடை மூடி) வழியாகக் கறுப்புத் தண்ணீர் பொங்கி மேலே வரும். மூன்றுக்கும் தனித்தனியாக ஆள் வந்து தனித்தனியாக வைத்தியம் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் மூன்றும் ஒரே நோய்.

ட்ராப் என்பது பைப்பில் உள்ள ஒரு வளைவு, அவ்வளவுதான். வளைவில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். மேலிருந்து வரும் கழிவுநீர் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆனால் சாக்கடைப் பக்கத்திலிருந்து வரும் காற்று அந்தத் தண்ணீரைத் தாண்ட முடியாது. 1775-இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் எஸ் வடிவ வளைவு வைத்த கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கப்புறம் வடிவங்கள் பல வந்தன, தத்துவம் மாறவில்லை. அசைகிற பாகம் எதுவும் இல்லாததால் தேய்வதும் இல்லை. அதில் தண்ணீர் நின்றால் மட்டும் போதும்.

எவ்வளவு தண்ணீர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம்மூரில் 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குல ஆழம் என்பது பொதுவான கணக்கு. பைப்புக்குள் காற்றழுத்தம் ஏறி இறங்கும்போது தண்ணீரும் கொஞ்சம் ஆடும், கொஞ்சம் ஆவியாகும். இரண்டையும் தாங்க இரண்டு அங்குலம் வேண்டும். கடையில் கிடைக்கும் கப் வைத்த ஜாலியில் நிற்கும் தண்ணீர் விரற்கடை அளவுகூட இராது. ‘காக்ரோச் ஜாலி’ என்ற பெயருக்கு ஏற்ப அது கரப்பான் பூச்சியைத் தடுக்கும். ட்ராப்புக்குப் பதிலாக அதை நம்ப முடியாது.

இது வெறும் நாற்றப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் நடந்ததைச் சொல்வேன். 2003-இல் சார்ஸ் பரவியபோது அந்த ஒரே குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது. விசாரித்தபோது தெரிந்தது: பாத்ரூம் தரை ட்ராப்கள் பல வீடுகளில் வறண்டு கிடந்தன. தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் மாப்பால் துடைத்து எடுக்கிற பழக்கம் அங்கே. கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால், கழிவுக் குழாயில் உள்ள காற்றும் அதில் மிதக்கும் நுண்துளிகளும் வறண்ட ட்ராப் வழியாக உள்ளே இழுக்கப்பட்டன. நம் வீடுகளிலும் இப்போது டைல்ஸ், மாப், எக்ஸாஸ்ட் ஃபேன் மூன்றும் வந்துவிட்டன. அந்தச் செய்தியை நான் மறக்காததற்கு அதுதான் காரணம்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் எந்தப் பைப் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். வீட்டு வரைபடத்தில் தண்ணீர் லைனும் இல்லை, கழிவு லைனும் இல்லை. பழைய வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். இதற்கு மலிவான வழி சொட்டு நீலம். ஒரு வாளித் தண்ணீரில் தாராளமாகக் கலக்கி தண்ணீர் போகும் ஒவ்வொரு வாயிலும் தனித்தனியாக ஊற்றி, பின்பக்க சேம்பரை (கழிவுப் பைப்புகள் வந்து சேரும் தொட்டியை) திறந்து வைத்து எந்த வாய் வழியாக நீலம் வருகிறது என்று பார்த்தோம். கழிப்பறைப் பைப் நேராக சேம்பருக்கு வந்தது, சரி. பாத்ரூம், சமையலறைத் தண்ணீர் சுற்றுச்சுவர் ஓரமாக எங்கோ போய், அப்புறம் மெதுவாக சேம்பருக்கு வந்தது. பால்கனித் தண்ணீரும் நீலமாக அதே சேம்பருக்குள் விழுந்தது. அது மழைநீர்ப் பைப். அங்கே வரவே கூடாது.

சேம்பர் மூடியைத் திறப்பது பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூடியைக் கடப்பாரையால் நெம்பி, காற்று நம் முதுகுப் பக்கமிருந்து சேம்பரை நோக்கி வீசும்படி விலகி நின்று, அரை மணி நேரமாவது திறந்து வைக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமானால் மூக்கே மரத்துப்போகும், அதனால் ‘இப்போ நாத்தம் இல்லை’ என்பது பாதுகாப்புக்கு அடையாளம் ஆகாது. மீத்தேனும் இருக்கும், ஆகவே தீக்குச்சி, பீடி, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. வீட்டு சேம்பர் ஆழம் குறைவு, மூங்கில் பிளாச்சும் ராடும் வைத்து மேலிருந்தே எல்லா வேலையும் முடியும். செப்டிக் டேங்க், தெரு மேன்ஹோல் என்றால் மெஷின்தான். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023-இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ‘ஐந்நூறு ரூபா கொடுத்தா இறங்கிடுவான் சார்’ என்று இன்னும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிற ஆளை வேலைக்குக் கூப்பிடாதீர்கள்.

நாற்றம் எந்த வாயிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, கனமான பாலிதீன் கவரில் பாதி தண்ணீர் ஊற்றி முடிந்து ஒவ்வொரு ஜாலி மேலும் வைத்தோம். தண்ணீர்ப் பை தரையோடு படிந்து காற்றுப் போகாமல் அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, கதவைச் சாத்தி ஃபேனைப் போட்டு, ஜாலி மேல் ஒரு டிஷ்யூ காகிதக் கீற்றைப் பிடித்தால் போதும். ட்ராப்பில் தண்ணீர் இருந்தால் கீற்று அசையாது. இல்லையென்றால் படபடவென்று மேலே எழும்பும். கீழ் ஹால் பாத்ரூமிலும், மாடியில் யாரும் புழங்காத விருந்தாளி பாத்ரூமிலும் கீற்று எழும்பியது.

மாடி பாத்ரூம் காரணம் சுலபம். பிள்ளைகள் எல்லாரும் வெளியூர் போனபிறகு அங்கே தண்ணீர் புழங்கவில்லை. கத்திரி வெயிலில் ட்ராப் தண்ணீர் ஆவியாகிவிட்டது. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதும் கீற்று அடங்கியது. மாதக்கணக்கில் பூட்டியிருக்கும் வீடு என்றால், தண்ணீர் ஊற்றிய பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை ஒரு கரண்டி விட்டு வைக்கலாம். அது மேலே படலமாக மிதந்து ஆவியாவதைக் குறைக்கும், சமையல் எண்ணெய் மாதிரி சிக்கு நாற்றமும் அடிக்காது.

கீழ் பாத்ரூமில் தண்ணீர் ஊற்றினாலும் கொஞ்ச நேரத்தில் கீற்று மறுபடி எழும்பியது. அங்கே பிளம்பர் அண்ணன் வந்துதான் வழி பிறந்தது. வந்ததும் ஜாலியைப் பார்க்கவில்லை. ‘மேல ஃப்ளஷ் பண்றப்போ கீழ குடுகுடுன்னு சத்தம் வருமா சார்?’ என்று கேட்டார். ‘வரும் அண்ணே, ரொம்ப நாளாவே வருது’ என்றேன். ‘அப்போ மொதல்ல மொட்டை மாடிக்குப் போலாம்’ என்று படியேறிவிட்டார்.

அவர் தேடியது காற்று பைப்பை. கழிப்பறைப் பைப் ஒவ்வொரு தளமாக இறங்கி வந்தாலும், மேல்முனை மொட்டை மாடிக்கு மேலே திறந்து நிற்க வேண்டும். மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது லிட்டர் கணக்கில் தண்ணீர் ஒரே மூச்சில் பைப்பில் இறங்குகிறது. அதற்குப் பின்னால் காற்று வேண்டும். மேலிருந்து காற்று கிடைக்காவிட்டால், அது பக்கத்துக் கிளைகளில் உள்ள ட்ராப் தண்ணீரை உறிஞ்சி இழுத்துவிடும். கீழே முன்னால் இருக்கும் காற்று நசுங்கித் தரைத்தள ட்ராப்பில் குமிழி விடும். அந்தக் குடுகுடு சத்தம் அதுதான். எங்கள் வீட்டில் மொட்டை மாடிக்கு வாட்டர் ப்ரூஃபிங் போட்டபோது, குறுக்கே நிற்கிறதென்று பைப்பைத் தளத்தோடு அறுத்து மேலே சிமெண்ட் பூசியிருந்தார்கள். பாத்ரூம், சமையலறைத் தண்ணீர் போகும் லைனின் காற்று பைப்புக்கும் அதே கதிதான்.

பூச்சை உளியால் மெதுவாகத் தட்டி எடுத்து, பைப் முனையைச் சுத்தம் செய்து, கப்ளர் போட்டு உயர்த்தினோம். ஆள் நடமாடும் மொட்டை மாடி என்பதால் சுமார் 2 மீட்டர் உயரம் வைத்தோம். அம்மா துணி காயப்போடும் பக்கம் காற்று அடிக்கும் திசையையும் பார்த்துக்கொண்டோம். உச்சியில் கவுல் (காற்றுப் போக இடைவெளி உள்ள தொப்பி) மாட்டி, கொசு வலை கட்டினோம். சாக்கடைத் தண்ணீரில் வளர்வது க்யூலெக்ஸ் கொசு, யானைக்கால் நோயைப் பரப்புவது. அதனால் வலை கட்டாமல் விடக் கூடாது. வலையில் தூசி அடைத்துக்கொண்டால் மறுபடி காற்று நின்றுவிடும் என்பதால் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றும்படி அண்ணன் சொன்னார். அன்று சாயங்காலமே மாடியில் ஃப்ளஷ் செய்து பார்த்தோம், கீழே சத்தம் இல்லை.

சத்தம் நின்றாலும் கீழ் பாத்ரூம் ட்ராப்பில் தண்ணீர் நிற்கவில்லை. ஜாலியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், பழைய வார்ப்பிரும்பு நானி ட்ராப் (பாத்ரூம் தரையில் பதிக்கும் ட்ராப்) துரு ஏறி அடியில் பொரிந்திருந்தது. அதன்மேல் இரண்டாவது தடவை டைல்ஸ் ஒட்டியதால் வாய் வேறு குறுகிவிட்டது. உள்ளே முடியும் மாப் நூலும் வளைவைத் தாண்டித் தொங்கின. இப்படி ஒரு நூல் தொங்கினால், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அது தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மறுபக்கம் கடத்திவிடும். ஓட்டையே இல்லாத ட்ராப்பும் இப்படிக் காலியாகும். அதனால் டைல்ஸை உடைப்பதற்கு முன் எல்லாரும் ஒரு தரம் கம்பி வளைத்து உள்ளே சுத்தம் செய்து பார்ப்பது நல்லது. எங்களுக்கு உடைத்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

ஜாலியைச் சுற்றி ஒன்றரை அடி சதுரத்துக்கு டைல்ஸை கட்டர் வைத்து அறுத்து, பழைய ட்ராப்பை எடுத்தோம். புதிதாக வைத்தது பக்கவாட்டில் நுழைவாய் உள்ள பி.வி.சி. ட்ராப், 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்பது. வாங்கும்போது கடையிலேயே தண்ணீர் ஊற்றி ஸ்கேல் விட்டு அளந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், உள்ளே ஆழம் குறைந்த மாடல்களும் கிடக்கின்றன. பக்கவாட்டு வாயில் வாஷ்பேசின் பைப்பைக் கொண்டுவந்து சேர்த்தோம். இது எனக்கு இந்த வேலையிலேயே ரொம்பப் பிடித்த ஏற்பாடு. யாராவது கை கழுவும்போதெல்லாம் தரை ட்ராப் தானாக நிரம்பும், இனி யாரும் ஞாபகம் வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

ட்ராப்பை வைக்கும்போது ரசமட்டம் கட்டாயம். சற்றே சாய்ந்தாலும் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து, இரண்டு அங்குலம் ஒன்றரை ஆகிவிடும். சுற்றிலும் கான்கிரீட் போட்டு, வாட்டர் ப்ரூஃபிங் கலவையை ட்ராப்பின் கழுத்துவரை ஏற்றிப் பூசி, ராத்திரி முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்த்தபிறகுதான் டைல்ஸ் ஒட்டினோம்.

அடுத்தது வெளியே. நீலத் தண்ணீர் சுவரோரமாகப் போய் மெதுவாக வந்ததே, அந்தத் தடத்தில் ஒரு கடப்பா கல் தரையோடு தரையாக சிமெண்ட் பூசிக் கிடந்தது. எடுத்தால் கீழே கல்லி ட்ராப். பாத்ரூம், சமையலறைத் தண்ணீரெல்லாம் வீட்டுக்கு வெளியே இந்த ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) ட்ராப்பில் விழுந்து, இதன் வளைவைத் தாண்டித்தான் சேம்பருக்குப் போக வேண்டும். மேலே கம்பி ஜாலியோடு திறந்திருக்க வேண்டிய வாய் அது. உள்ளே வளைவில் குறுக்காக ஒரு விரிசல், தண்ணீர் மண்ணுக்குள் கசிந்து போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் முழுக் கதையும் புரிந்தது. ட்ராப் விரிந்ததும் தண்ணீர் நிற்கவில்லை, நாற்றம் வந்தது. நாற்றம் வந்ததும் யாரோ கல்லை வைத்து மூடினார்கள். மூடியதும் வெளியே போக வழியில்லாத காற்று பாத்ரூம் பைப்புகளுக்குள் ஏறியது. மழைக்காலத்தில் தெரு லைன் நிரம்பி எதிர்த்து வந்த தண்ணீருக்கு, முற்றத்தில் பொங்கி வழிய இருந்த ஒரே வாயும் அடைபட்டதால், அடுத்த தாழ்ந்த வாயான பாத்ரூம் ஜாலியில் பொங்கியது. கல்லி ட்ராப்பின் வாய் வீட்டுத் தரையைவிடத் தாழ்வாக, வெளியே இருப்பதற்குக் காரணமே இதுதான். சாக்கடை எதிர்த்தால் அது முற்றத்தில் வழியட்டும், வீட்டுக்குள் வர வேண்டாம் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. அதை மூடுவது வீட்டின் பாதுகாப்பையே மூடுவது.

தோண்டும் வேலைக்குக் கொத்தனாரும் வந்தார். பழைய ட்ராப்பை எடுத்து, அடியில் ஜல்லி கான்கிரீட் படுக்கை போட்டு, பி.வி.சி. கல்லி ட்ராப்பை வைத்தோம். அதிலிருந்து சேம்பர்வரை 2 மீட்டர். நாலு அங்குலப் பைப்புக்கு 40-க்கு 1 வாட்டம் என்பது பழைய கைக்கணக்கு, ஆக 5 சென்டிமீட்டர் இறக்கம். வாட்டம் குறைந்தால் கசடு தங்கும். ரப்பர் ரிங் போட்ட இணைப்புகளில் பைப் முனையை அரத்தால் சரிவாகத் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தடவித் தள்ளினால் ரிங் பிதுங்காமல் உட்காரும். பி.வி.சி. பைப், சேம்பர் சுவருக்குள் நுழையும் இடம்தான் வழக்கமாகக் கசியும், சிமெண்ட் வழவழப்பான பி.வி.சி.யில் பிடிக்காது. அதற்கு அண்ணன் செய்த வேலை அழகு. பைப்பின் அந்தப் பகுதியில் சால்வென்ட் சிமெண்ட் (பி.வி.சி. ஒட்டும் பசை) தடவி, ஈரமாக இருக்கும்போதே மணலைத் தூவிக் காயவிட்டார். சொரசொரப்பான மேல்பரப்பில் கலவை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

வாயின் உயரம் பற்றி எல்லாருமே கொஞ்சம் யோசித்தோம். தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டுப் போட்டு, முற்றம் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. மழை பெய்தால் முற்றத்துத் தண்ணீரெல்லாம் கல்லி ட்ராப்புக்குள் ஓடிச் சாக்கடையில் கலக்கும். அதனால் வாயைச் சுற்றிச் செங்கல் கட்டி முற்றத்தைவிட நாலு அங்குலம் உயர்த்தினோம். அதற்குமேல் உயர்த்தக் கொத்தனார் ஆசைப்பட்டார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. பாத்ரூம் தரைக்கு அது கீழேயே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இன்னும் அரை அடிக்குமேல் வித்தியாசம் இருக்கிறது. மேலே மூடி கிடையாது, கம்பி ஜாலி மட்டும்.

சமையலறை சிங்க்கின் ஃப்ளெக்ஸிபிள் பைப் ட்ராப் இல்லாமல் நேராகத் தரை ஓட்டைக்குள் சொருகியிருந்தது. ஒரு பாட்டில் ட்ராப் போட்டோம், ஓட்டையைச் சுற்றி ரப்பர் அடைப்பு வைத்தோம். ஒரே பைப்பில் ட்ராப்புக்குப் பின்னால் இன்னொரு ட்ராப் வந்தால் நடுவில் காற்று மாட்டித் தண்ணீர் இறங்காது என்பார்கள், அது சரிதான். ஆனால் இங்கே கல்லி ட்ராப்பின் வாய் திறந்திருப்பதால் காற்று மாட்ட வழியில்லை. கல் மூடியிருந்த காலத்தில் சிங்க் மந்தமாக இறங்கியதற்கும் விடை கிடைத்தது.

மழைநீர்ப் பைப்பைக் கடைசியாக எடுத்துக்கொண்டோம். எனக்கு மனசுக்கு நெருக்கமான வேலை இது. கொல்கத்தாவின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே சுரங்கக் குழாயில் போகும்படி பிரிட்டிஷ் காலத்திலேயே கட்டிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் மழைநீர்ப் பைப்பின் அடியில் ஒரு ட்ராப் வேண்டும். சென்னை அப்படி இல்லை. மெட்ரோ வாட்டரின் கழிவுநீர்க் குழாய் வேறு, மாநகராட்சியின் மழைநீர் வடிகால் வேறு. இங்கே மழைநீரைச் சாக்கடையில் விடவே கூடாது. ட்ராப்பும் இல்லாமல் நேராக சேம்பரில் இறக்கியிருந்ததால், மழையில்லாத நாளில் அந்தப் பைப்பே புகைபோக்கியாகி பால்கனியில் நாற்றத்தைக் கக்கியது.

மழை நாளில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மொட்டை மாடி 100 சதுர மீட்டர் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை சென்னைக்குப் புதிதல்ல. அது 5,000 லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில் நாலு பேர் வீட்டின் தண்ணீர்ச் செலவு 540 லிட்டர். ஆக ஒரு மணி நேர மழை, ஒன்பது நாள் கழிவுநீருக்குச் சமம். தெருவில் பத்து வீடு இப்படி இணைத்திருந்தால் போதும், பிரதான லைன் நிரம்பி, தாழ்வான வீட்டுக்காரரின் பாத்ரூமில் பொங்கும். நாம் இணைத்த மழைப் பைப்பின் பலனை இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஒரு வயதான தம்பதி துடைத்துக்கொண்டிருப்பார்கள். இதை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.

பைப்பை சேம்பருக்கு முன்பே அறுத்து, சேம்பர் சுவர் ஓட்டையைச் செங்கல்லும் கலவையும் வைத்து அடைத்தோம். மூட வேண்டிய ஓட்டை வீட்டிலேயே இது ஒன்றுதான். மழைநீரை முதலில் ஒரு வண்டல் தொட்டிக்குத் திருப்பினோம். இரண்டடிக்கு இரண்டடி, போகும் பைப் அடியிலிருந்து ஒரு அடி உயரத்தில், வாயில் கம்பி வலை. மணலும் வேப்பிலையும் தொட்டியில் தங்கும், தெளிந்த தண்ணீர் பழைய கிணற்றுக்குப் போகும். 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கியபோது இந்த வீட்டிலும் ஒரு குழி போட்டார்கள். அதில் இப்போது மண் அடைந்து செடி முளைத்திருந்தது. அதைத் தூர்வாரி, கிணறு நிரம்பினால் வழியும் தண்ணீருக்கும் வழி செய்து, அதற்குமேல் மிஞ்சுவது தெரு வடிகாலுக்குப் போகும்படி வைத்தோம். இந்த லைனில் ட்ராப் எதுவும் இல்லை, தேவையும் இல்லை.

இன்னும் ஒரு பயம் பாக்கி இருந்தது. நாங்கள் சரியாக வைத்தாலும் தெரு லைன் நிரம்பினால் தண்ணீர் எதிர்த்து வரும். கல்லி ட்ராப் முற்றத்தில் வழியவிடும், ஆனால் கழிப்பறைப் பைப் நேராக சேம்பருக்குப் போகிறதே. அதற்காகக் கீழ்த்தளக் கழிப்பறை லைனில் மட்டும் ஒரு ‘நான்-ரிட்டர்ன்’ வால்வு வைத்தோம். உள்ளே தொங்கும் தட்டு, வெளியே போகும் தண்ணீருக்குத் திறக்கும், எதிர்த்து வந்தால் சாத்திக்கொள்ளும். எங்கே வைப்பது என்பது முக்கியம். மாடி லைனும் கீழ் லைனும் சேர்ந்த பிறகு வைத்தால், வால்வு சாத்தியிருக்கும்போது மாடியில் ஊற்றும் தண்ணீர் கீழ்த்தளத்தில் பொங்கும். அதனால் கீழ் லைனில் மட்டும், சேர்வதற்கு முன்னால், மேலிருந்து கை எட்டும் ஆழத்தில், திறந்து பார்க்க மூடியோடு வைத்தோம். வால்வு சாத்தியிருக்கும் நேரத்தில் கீழ்க் கழிப்பறையைப் பயன்படுத்தக் கூடாது. தண்ணீர் போக இடம் இல்லை. இதை அம்மாவுக்கும் வேலைக்கு வரும் அக்காவுக்கும் விளக்கமாகச் சொல்லி வைத்தோம். பெருமழை நாளில் எல்லாரும் மாடிக் கழிப்பறைக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் மழை அறிவிப்பு வந்ததுமே அவருடைய படுக்கையை மாடிக்கு மாற்றிவிடுவது என்று முடிவானது.

அந்த வருஷ வடகிழக்குப் பருவமழையில் தெரு லைன் நிரம்பிய ஒரு ராத்திரி, பெற்றோருடன் நானும் அங்கேதான் இருந்தேன். தெரு மேன்ஹோல் மூடி ஓரமாகத் தண்ணீர் கொப்பளித்தது. வால்வு மூடியின் திருகைத் தளர்த்திப் பார்த்தபோது தட்டு இறுகச் சாத்தியிருந்தது. கல்லி ட்ராப் வாயில் தண்ணீர் விளிம்புவரை ஏறி, முற்றத்தில் கொஞ்சம் வழிந்தது. பாத்ரூம் ஜாலியில் ஒன்றும் வரவில்லை. காலையில் முற்றத்தைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டதோடு வேலை முடிந்தது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மாடி விருந்தாளி பாத்ரூமில் வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது ஒரு வாளி தண்ணீர். புரட்டாசியில் வண்டல் தொட்டியை அள்ளுவது, காற்று பைப்பின் கொசு வலையை மாற்றுவது. வால்வுத் தட்டில் துணியோ முடியோ சிக்கினால் முழுசாகச் சாத்தாது, அதனால் மழைக்கு முன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை கையுறை போட்டுக்கொண்டு திறந்து கழுவ வேண்டும். சானிட்டரி நாப்கினும் வெட் வைப்ஸும் கழிப்பறையில் போடுவதில்லை. சொட்டு நீலம் காட்டிய தடங்களை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு ட்ராப்பும் எந்த ஆழத்தில் இருக்கிறது, வால்வு எங்கே என்று குறித்து, ஈ.பி. மீட்டர் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறோம். அடுத்து யார் இந்த வீட்டில் உளியைக் கையில் எடுத்தாலும் முதலில் அதைப் பார்க்கும்படி அம்மா சொல்லிவிடுவார்.